கொக்குவில் கிணற்றில் நாலு நாள்

புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

வெள்ளிக்கிழமையோடு நான் இடம் மாறிப் போகிறேன். போகமுதல் வேலையைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைத்துவிட்டுப் போ என்று நம் ஆய்வுகூடப் பொறுப்பாளர் மேடம் சொன்னார். மாதிரி எடுப்பது, போத்தலில் திகதி எழுதுவது, ஈயப் பெட்டிக்குள் இருக்கும் கதிரியக்கம் அளக்கும் கருவியைப் பராமரிப்பது எல்லாம் அலுவலகக் கோவைகளில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. இந்த மாதிரிக் கடிதங்களை ஓய்வு பெறுகிறவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. ஆனால் ஆறு வருடமாக "ஒன்றுமில்லை" என்று எழுதுவதே உத்தியோகமாக இருந்தால் ஆள் களைத்துப்போவான். இரண்டாம் வருடத்தில் நீங்களும் கண்டுகொள்வீர்கள்.

நல்லூரில் மழைநீர், ஒன்றுமில்லை. தெல்லிப்பழையில் பசுப்பால், ஒன்றுமில்லை. குருநகரில் மீன், ஒன்றுமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் அணு உலை இருக்கிறது. எங்காவது ஒன்று உடைந்தால் காற்றும் மழையும் இங்கேயும் கொண்டுவந்து போடும். அப்படி ஒரு நாள் வந்தால் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற எல்லா நாளும் அந்த ஒரு சொல்லை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் என்னுடைய சின்னப் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து இரண்டாம் மாதம் கதிர்வீச்சைக் காட்டும் கைக்கருவியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதைக் குருநகரில் எங்கள் பங்குக் கோயிலுக்குள் வைத்துப் பார்த்தேன். வெளியே வீதியில் காட்டியதைப் போல இரண்டு மடங்கு பீடத்தடியில் காட்டியது. அங்கே புதிதாகக் கருங்கல் பதித்திருந்தார்கள். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதில் இயற்கைக் கதிர்வீச்சு மிகக் குறைவு. கருங்கல்லில் எப்போதும் கொஞ்சம் கூட. மலைநாட்டில் எத்தனையோ வீட்டு முற்றத்தில் அவ்வளவு இருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் வராது. இப்போது இதை ஒரே மூச்சில் சொல்கிறேன். அன்றைக்குத் தெரியவில்லை. சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா கடலுக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகாதவர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால் என் வாயில் வருவதெல்லாம் அவருக்கு அச்சில் வந்த மாதிரி. அவர் கடற்கரை முழுக்கச் சொல்லிவிட்டார். வந்த ஞாயிறு பூசையில் முன்வரிசைகள் வெறுமையாகக் கிடந்தன. ஓடி ஓடி விளக்கம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா ஒன்றுதான் கேட்டார்: "அப்ப முழங்காலிலை நிக்காமல் பின்னுக்குக் கதிரையிலை இருக்கலாமோ? எனக்கு முழங்கால் நோ."

சிரித்தோம். ஆனால் முன்வரிசை திரும்ப நிரம்ப மூன்று மாதம் எடுத்தது. இலக்கத்தைக் கண்டவுடன் வாயைத் திறக்கக்கூடாது என்று அன்று படித்தேன். பிறகு அந்தப் பாடத்தை அளவுக்கு மிஞ்சிப் படித்துவிட்டேன். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

இந்தக் கதையில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வருகிறார். அவரிடம் கேட்டு, அவர் ஓம் என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். அவருடைய பக்கத்து வீட்டு அக்காவை மாலா என்று வைத்துக்கொள்கிறேன். அது அவருடைய பெயர் இல்லை.

மூன்றாம் வருடம், மாரிகாலம். கொக்குவிலில் மாலா அக்கா வீட்டுக் கிணறு எங்கள் பட்டியலில் இருந்தது. மாதம் ஒருமுறை போய்த் தண்ணீர் எடுப்போம். அவருக்கு ஏழு மாதத்தில் ஒரு பெண்பிள்ளை, போத்தல் பால் குடிக்கிற பிள்ளை. கணவருக்கு வவுனியாவில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார்.

அந்த மாதத் தண்ணீரைக் கருவிக்குள் வைத்துவிட்டு அடுத்த நாள் காலை திரையைப் பார்த்தால், எப்போதும் தட்டையாக இருக்கிற இடத்தில் ஒரு சின்ன மேடு. அது எதன் இடம் என்று பார்க்கப் பட்டியல் தேவைப்படவில்லை. கதிரியக்க அயடீன். மனிதன் உலையில் உண்டாக்குகிற சாமான், எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகிப் போய்விடும். ஆகவே எங்கிருந்து வந்திருந்தாலும் அண்மையில்தான் வந்திருக்க வேண்டும்.

எனக்கு உடனே கடலுக்கு அந்தப் பக்கத்து உலைதான் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்காமல் மேடத்திடம் போனேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து திரையைப் பார்த்தார். சீசியம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. மழைநீரில்? இல்லை. பாலில்? அதிலும் இல்லை. உலை உடைந்து வருகிற அயடீன் சீசியத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும். காற்றில் வந்தால் ஒரு கிணற்றை மட்டும் தேடி விழாது. தனியாக, ஒரே இடத்தில் என்றால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரி அயடீன். கழுத்துச் சுரப்பியில் புற்றுநோய் வந்தவர்களுக்கு மருந்தாகக் கொடுப்பார்கள். உடம்பில் தங்காதது சிறுநீரோடு வெளியே போகும்.

"ஆரோ வைத்தியம் செய்துபோட்டு வீட்டை வந்திருக்கினம்," என்றார் மேடம். "திரும்ப ஒருக்கால் அள்ளிக்கொண்டு வா. நாளைக்குப் பின்னேரம் அறிக்கை கொழும்புக்குப் போகவேணும்."

அளவு பெரிதில்லை. அவசரகாலப் பட்டியலின்படி பயமில்லை, அன்றாடக் குடிநீர்ப் பட்டியலின்படி குடிக்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் கிடந்தது. வளர்ந்தவர்கள் மட்டும் குடிக்கிற கிணறு என்றால் நான் இவ்வளவு அந்தரப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் அயடீன் கழுத்துச் சுரப்பியைத் தேடிப் போகிற சாமான். ஆள் சின்னதாக இருக்க இருக்கப் பாதிப்புக் கூட.

கொக்குவிலுக்குப் போனேன். மாலா அக்கா கிணற்றடியில் பிள்ளையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்டேன். ரீச்சர் வீடு, கணக்குப் படிப்பிக்கிறவர் என்றார். அவர்களுடைய மலசலகூடக் குழி எங்கே என்றேன். மதிலோடு ஒட்டித்தான். இரண்டு வளவும் ஒருகாலத்தில் ஒரே வளவாம். சகோதரங்கள் பிரித்தபோது நடுவில் மதில் எழும்பியது. மதில் நிலத்துக்கு மேலே. கீழே சுண்ணாம்புக்கல்லில் உள்ள வெடிப்புகளுக்கு எந்த வளவு யாருடையது என்று தெரியாது.

நான் கேட்காமலே மாலா அக்கா சொன்னார்: "கொழும்பிலை ஏதோ கோர்ஸ் எண்டு போட்டு வந்து பத்து நாள். முந்திப் பள்ளிக்கூடத்தாலை வந்த உடனை மதிலடிக்கு வந்து பிள்ளையைக் கேட்டு வாங்குவா. இப்ப கூப்பிட்டாலும் வாறா இல்லை, தூரத்திலை நிண்டு கையைக் காட்டுறா. கனடா மாப்பிள்ளை சரிவந்திட்டுதெல்லோ. உப்பிடித்தான் மாறுவினம்."

அந்த வைத்தியம் செய்து வருகிறவர்களிடம், கொஞ்ச நாளைக்குச் சிறு பிள்ளைகளைத் தூக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அது எனக்குத் தெரியும். மாலா அக்காவுக்குத் தெரியாது. நான் போத்தலை நிரப்பினேன்.

ரீச்சர் வீட்டு வாசற் படலையில் அவருடைய தாயார் நின்றார். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று விசாரித்தார். குருநகர் என்றேன். "கடற்கரைப் பொடியனுக்கு எங்கடை கிணத்திலை என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு, ஆனாலும் உள்ளே வரச் சொல்லிக் கதிரை தந்தார். ரீச்சர் வந்து கதவு நிலையில் நின்றார். கழுத்தில் சால்வை.

என் பைக்குள் கைக்கருவி சத்தம் போடத் தொடங்கியது.

நிற்பாட்ட மறந்திருந்தேன். முதலில் ஒன்றொன்றாக, பிறகு அடுக்கடுக்காக. "உதென்ன பைக்குள்ளை, கோழிக்குஞ்சோ?" என்றார் தாயார். ரீச்சர் சிரிக்கவில்லை. மெதுவாக இரண்டு அடி பின்னால் போனார், சத்தம் குறைந்தது. இன்னும் ஒரு அடி போனார். நான் பைக்குள் கையை விட்டுத் தடவித் தடவி ஒருவாறு நிற்பாட்டினேன். ஒருவருடைய நோயை அவருடைய வீட்டுக்குள்ளே போய், தாயின் முன்னால் சத்தம் போட்டு அறிவித்தவன் நான். இதைப் பற்றி எந்தக் கோவையிலும் ஒரு வரிகூட இல்லை.

"அம்மாவுக்குத் தெரியும்," என்றார் ரீச்சர். "வேறை ஒருத்தருக்கும் தெரியாது. கேக்க வந்ததைக் கேளுங்கோ."

கேட்டேன். கிணற்றைப் பற்றியும் சொன்னேன்.

"அவை சொன்னபடி எல்லாம் செய்தனான். உடுப்பைப் புறம்பாத் தோய்க்கச் சொன்னவை, தோய்ச்சனான். டொய்லெற்றுக்கு ஒவ்வொரு தரமும் ரெண்டு வாளி தண்ணி கூட ஊத்தச் சொன்னவை. அதுவும் செய்தனான். அந்தத் தண்ணி பிறகு எங்கை போகும் எண்டு அவையும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை."

கொழும்பில் அந்தத் தண்ணீர் நகரக் கழிவுக் குழாயில் போய்ச் சேரும். அறிவுரையை எழுதியவர் அதை நினைத்துத்தான் எழுதியிருப்பார். கொக்குவிலில் இரண்டு வாளி கூட ஊற்றினால் குழியில் இருப்பது இன்னும் வேகமாகப் பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். சொன்னதைச் சரியாகச் செய்ததால் வந்த பிழை அது.

தாயார் என் பக்கம் திரும்பி, தை பிறந்தால் கலியாணம், மாப்பிள்ளை பகுதிக்கு இது தெரியாது என்றார். "உது வெளியிலை போனால் இவளுக்கு மட்டுமில்லைத் தம்பி, சின்னவளுக்கும் ஒருத்தரும் வராயினம். உமக்கும் அக்கா தங்கச்சி இருக்குந்தானே."

எனக்கு மூன்று பேர்.

ரீச்சர் கேட்டது வேறு. பிள்ளைக்கு ஏதும் நடக்குமா என்று கேட்டார். இப்போதே குடிக்காமல் விட்டால் ஒன்றும் நடக்காது என்று நினைக்கிறேன் என்றேன். "அப்ப குடிக்காமல் பண்ணுங்கோ. என்ரை கதையை மட்டும் விட்டிடுங்கோ."

ஓம் என்றேன். மதிலைச் சுற்றி மாலா அக்கா வீட்டுக்குத் திரும்பப் போய், குழித் தண்ணீர் கிணற்றுக்குள் வருகிறது, குடிக்க வேண்டாம், பிரதேச சபைத் தண்ணீர்ப் பவுசருக்குச் சொல்லி வைக்கிறேன் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அறிக்கையில் மருத்துவ மூலம், அயல் வீடு என்று எழுதினேன். கிணற்றுக்காரருக்குச் சொல்லியாயிற்றா என்று மேடம் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஒரு பிள்ளையையும் காப்பாற்றியாயிற்று, ஒரு கலியாணத்தையும் காப்பாற்றியாயிற்று.

நாலாம் நாள் மறுபடி தண்ணீர் எடுக்கப் போனேன். பவுசர் ஒருமுறை வந்து போயிருந்தது. மாலா அக்கா குசினி வாசலில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் கேத்தல். அது எந்தத் தண்ணீர் என்று சும்மாதான் கேட்டேன்.

"பவுசர்த் தண்ணி ஒரே குளோரின் மணம் தம்பி, இவள் வாயிலை வைக்கிறாள் இல்லை. அதாலை நான் எங்கடை கிணத்துத் தண்ணியையே அரை மணித்தியாலம் நல்லாக் கொதிக்க வைச்சுக் குடுக்கிறன். கிருமி ஒண்டும் மிஞ்சாது."

குழித் தண்ணீர் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் எந்தத் தாயும் செய்யக்கூடியதைத்தான் அவர் செய்தார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அயடீன் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

நான் குனிந்து பிள்ளையின் வாயிலிருந்து போத்தலை எடுத்தேன். பிள்ளை வீரிட்டது.

"என்ன செய்யிறியள்?"

"கொதிக்க வைச்சாலும் வேண்டாம் அக்கா."

"ஏன்?"

முதல் நாள் இந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டது மறதியால் இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால் கேள்வி வராத அளவுக்கு உண்மையை வெட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் பொறுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு, போத்தலைக் கையில் பிடித்தபடியே வீதியால் சுற்றி ரீச்சர் வீட்டுக்கு ஓடினேன்.

ரீச்சர் முற்றத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். படலையில் நின்றே சொன்னேன். நாலு நாளாகப் பிள்ளை அதைத்தான் குடித்திருக்கிறது என்றேன். நான் அவரிடம் எதையும் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. அதை நல்ல குணம் என்று எடுக்க வேண்டாம். எனக்கு அந்த நேரம் ஒரு யோசனையும் ஓடவில்லை. அவர் தாள்களின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு எழும்பினார். தாயார் உள்ளேயிருந்து வந்து, "சொல்லாதை பிள்ளை, சொல்லாதை," என்று கையைப் பிடித்தார். ரீச்சர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு மதிலடிக்குப் போனார். ஒட்டிப் போகவில்லை. தள்ளித்தான் நின்றார்.

"மாலா, கிணத்திலை வாறது குழித் தண்ணி மட்டுமில்லை. நான் கோர்சுக்குப் போகேல்லை. எனக்குக் கழுத்திலை கான்சர். கொழும்பிலை மருந்து குடிச்சனான். அந்த மருந்துதான் உங்கடை கிணத்துக்கை வருது. கொதிக்க வைச்சால் அது போகாது."

மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாலா அக்காவின் குரல், மிகவும் தாழ்ந்து:

"அதாலையோ பிள்ளையைத் தூக்கேல்லை?"

"ஓம்."

"ஏனப்பா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றார். பிறகு மாலா அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"உமக்கு இது அண்டைக்கே தெரியுமோ?"

அதுவரை என்னை நீங்கள் என்றுதான் சொல்லி வந்தவர்.

"ஓம் அக்கா."

பிள்ளையின் அழுகைச் சத்தம் வீட்டுக்குள் போனது.

அன்று மத்தியானமே பிள்ளையைப் பிள்ளை வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் முன்னால், மாலா அக்காவிடம் கேட்டு, பிள்ளையின் கழுத்தடியில் கைக்கருவியை வைத்தேன். வெறும் அறையில் காட்டியதுதான் அங்கேயும் காட்டியது. குடித்தது சொற்பம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் சில மாதம் கழித்துக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார் வைத்தியர். காட்டினார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறாள், இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள்.

மேடம் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். திருத்திய அறிக்கையை என் முன்னால் வைத்து, "அந்த நாலு நாளையும் உன்ரை கையாலை எழுது," என்றார். காரணத்தையும் எழுதச் சொன்னார். கோவையில் இருக்கிறது, பாருங்கள்.

குழியை மூடி, வளவின் மறுகரையில் புதுக்குழி கட்டினார்கள். ரீச்சர் அதே கிழமை கனடாவுக்குத் தானே தொலைபேசி எடுத்துச் சொன்னாராம். அந்தப் பெடியன் நல்ல மாதிரித்தான் கதைத்தாராம், அதனால் ஒன்றுமில்லை என்றாராம். இரண்டு கிழமை கழித்து மாப்பிள்ளையுடைய தாயார் எடுத்து, சாதகத்தைத் திரும்பக் காட்டிப் பார்த்தோம், பொருந்தவில்லையாம் என்று சொன்னார். தை பிறந்தபோது கிணற்றில் அயடீன் தேடினாலும் கிடைக்கவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன வித்தியாசம் என்று. ரீச்சருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பெயரைச் சொல்லாமல், தண்ணீரில் மருந்து கலந்திருக்கிறது, கொதிக்க வைத்தாலும் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தாலும் மாலா அக்கா ஒரு மணித்தியாலத்தில் ஊகித்திருப்பார். அந்த இரகசியம் எப்படியும் நிற்கப் போவதில்லை. பிள்ளைக்குத்தான் வித்தியாசம். இலக்கம் குறைவாக இருந்தது எங்களுடைய அதிர்ஷ்டம். கூடவாக இருந்திருந்தாலும் நான் இதையேதான் செய்திருப்பேன். மூன்று வருடமாக நான் களைத்துப்போனது அந்த நினைப்பில்தான். நான் ரீச்சரின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று கொஞ்சக் காலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மையில் ஒரு தாய் ஏன் என்று கேட்பதைத் தாங்க எனக்குத் துணிவில்லை, அவ்வளவுதான். ஆகவே யாரிடமாவது குடிக்காதே என்று சொல்லப் போனால், அவர்கள் அடுத்ததாக வீட்டில் என்ன செய்வார்கள் என்பதை யோசித்துவிட்டுப் போங்கள். அதற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மாலா அக்கா தன் கிணற்றில் இனி அள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோபத்தோடு சொல்லவில்லை. "எனக்கு உங்கடை ஒண்டுமில்லையிலை இனி நம்பிக்கை இல்லைத் தம்பி," என்றார். நான் வற்புறுத்தவில்லை. இன்றைக்குப் பட்டியலில் கொக்குவில் கிணறு என்று இருப்பது ரீச்சர் வீட்டுக் கிணறு. அவரே இந்தக் கந்தோருக்கு வந்து, எங்கள் கிணற்றை எடுங்கள் என்றார். ஒரு நிபந்தனை வைத்தார். எது வந்தாலும், கொழும்புக்கு எழுத முதல் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். மாலா அக்கா கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். நான் ஓம் என்றேன். மேடத்துக்கும் தெரியும். விதிக்கோவையில் அதற்கு இடமில்லை.

அடுத்த மாதத்து முதல் செவ்வாய் நீங்கள் இருவரும்தான் போக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு அவர் வந்த பிறகு போங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம், உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நான் கொடுத்த வாக்கு உங்களைக் கட்டாது. நீங்களாகக் கொடுக்க வேண்டும். அவர் முன்னால் கொடுத்துவிட்டு, பிறகு வீதியால் சுற்றிப் போய் மாலா அக்கா வீட்டுப் படலையையும் தட்டுங்கள். திறக்காவிட்டால் அடுத்த மாதமும் தட்டுங்கள். எனக்கு இன்னும் திறக்கவில்லை.